மாடியிலிருக்கும் மூன்றாம் வகுப்பு

எலிசபெத் டீச்சருக்கு வந்த நோய்க்கு நாள்பட்ட களைப்பு நோய் என்று பெயர். அந்தப் பெயரே அவளுக்குப் பிடிக்காது. களைப்பாம்! வயலில் வேலை பார்த்தவனுக்கு வருவது களைப்பு. தூங்கி எழுந்தால் போய்விடும். இவள் தூங்கி எழுந்தாலும் உடம்பு ஈர மணல் மூட்டையாகக் கிடக்கும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, இது தங்கிவிட்டது. ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பாளையங்கோட்டையே அவளுக்கு வைத்தியம் சொன்னது. பேரீச்சம்பழம், நடைப்பயிற்சி, உபவாச ஜெபம். "கொஞ்சம் மனசு வைங்க டீச்சர்" என்பார்கள், என்னவோ அவள் மனசை எங்கேயோ மறந்து வைத்துவிட்டதுபோல.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. மாடியிலிருக்கும் மூன்றாம் வகுப்பைக் கீழே மாற்ற வேண்டும். இருபத்திரண்டு படி. தினமும் ஏறினால் இந்த வருடத்தோடு வேலையை விட வேண்டியதுதான். ஜூனில் கேட்டாள். "பாப்போம்" என்றார் தலைமையாசிரியர் சத்தியநேசன். ஆடி, ஆவணி போய்விட்டது.

அசனப் பண்டிகைக்கு, அதாவது சபை மொத்தமும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்கு, முந்தின சனிக்கிழமை சர்ச் வளாகத்தில் காய் நறுக்கினார்கள். இரண்டு நாள் படுத்துத் தேற்றிக்கொண்ட தெம்பில் எலிசபெத்தும் போய் அரை மணி நேரம் வெங்காயம் உரித்தாள். சிரிக்கவும் செய்தாள். அதுதான் குற்றம்.

"நல்லாத்தான இருக்கீய டீச்சர்!" என்றார் சத்தியநேசன், எல்லோருக்கும் கேட்கும்படி. "வெங்காயம் உரிக்க முடியுது, மாடி ஏறத்தான் முடியலையோ?"

"படியில உக்காந்து கத பேச ஆளு இல்லல்லா சார்" என்றாள் பெண்கள் சங்கச் செயலாளர் ஸ்டெபி. காய் நறுக்கிய அத்தனை பேரும் சிரித்தார்கள்.

இந்த நோய் உடனே அடிக்காது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் ஆளைச் சாய்க்கும். மற்றவர்கள் அசனச் சோறு தின்று ஏப்பம் விட்டு முடித்த பிறகு, திங்கட்கிழமை அவளால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. இப்படிப்பட்ட நாட்களில் கணவன் ஹெப்ரான் கதவைச் சாத்திவிடுவான். மூன்று வருடமாக ஊர் அவளைப் பார்த்தது நல்ல நாட்களில் மட்டும்தான். மோசமான நாட்களை அப்படி மறைக்க விட்ட முட்டாள்தனம் தன்னுடையது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

"சாரை வரச் சொல்லுங்க."

"இந்தக் கோலத்துலயா? என்ன நெனைப்பாவ?"

"இந்தக் கோலத்துலதான்."

சாயங்காலம் சத்தியநேசன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று ஜன்னலைப் போர்வையால் மூடியிருந்தார்கள். ஹெப்ரான் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். பாதி கன்னத்தில் வழிந்தது. அவருடைய கண் காலண்டர் பக்கம் ஓடியது. "ஜெபம் பண்ணுவோம்" என்று சட்டென்று எழுந்தார். ஜெபம் முடிந்தால் கிளம்பிவிடலாம். ஜெபத்துக்குக் குறுக்கே யாரும் பேசமாட்டார்கள்.

"ஜெபம் அப்புறம் சார்." ஒவ்வொரு சொல்லுக்கும் அவளுக்கு மூச்சு வாங்கியது. "மேலயா, கீழயா? அதச் சொல்லிட்டு ஆரம்பிங்க."

மூடிய கண்ணை அவர் திறக்க வேண்டியதாயிற்று.

"கீழதான்... கீழதான் டீச்சர்."

"எப்போ?"

"நாளைக்கே."

"சரி. பண்ணுங்க."

ஒன்பது நாள் கழித்து அவள் பள்ளிக்குப் போனபோது மூன்றாம் வகுப்பு கீழே, சத்துணவுக் கூடத்துப் புகைக்குப் பக்கத்தில் இருந்தது. சார் ஜெபித்த ஜெபம்தான் டீச்சரை எழுப்பிவிட்டது என்று ஸ்டெபி சங்கத்தில் சாட்சி சொன்னாளாம். எலிசபெத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வருகைப் பதிவேட்டைத் திறந்து, முதல் பெயரை வாசித்தாள்.