மூலத்தில் நிற்காத வண்டி

என் ஜன்ம நட்சத்திரம் மூலம். வரன் பார்க்க வந்தவர்களிடம் இதைச் சொல்லும்போது அம்மா குரலைத் தாழ்த்திக்கொள்வாள், வீட்டுக்குள் ஏதோ கொலைகாரியை ஒளித்து வைத்திருப்பதுபோல. மூலத்துப் பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. அதற்கென்று ஒரு பழமொழிகூட உண்டு. அதை இங்கே எழுதிக் கௌரவிப்பதாக இல்லை.

அதே மூலத்தை வானத்தில் போய்த் தேடினால் விருச்சிகத்தின் வால் நுனியில் இருக்கும். தேளின் கொடுக்கு. ஒன்றையொன்று ஒட்டினாற்போல இரண்டு நட்சத்திரங்கள், ஒன்று பளிச்சென்று, மற்றது கொஞ்சம் மங்கலாக. பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறேன். முதல் சம்பளத்தில் தோடு எடுக்காமல் பைனாகுலர் வாங்கியவள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த நட்சத்திரத்தைப் பாருங்கள்!

ஏழெட்டு வரன்கள் தட்டிப்போன பிறகு வில்லாபுரத்திலிருந்து ஒரு மாமனார் வந்தார். "எனக்கு வேண்டியது மருமக. நட்சத்திரத்த வச்சு நான் என்ன, சோறா ஆக்கப் போறேன்?" என்று கேட்டுவிட்டு, தட்டில் இருந்த கேசரியை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். அவர் மனைவி, என் அத்தை, அதைத் தொடவே இல்லை. கல்யாணம் ஆன பிறகும் அத்தை என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் மாமா தும்மினால் என்னைத்தான் பார்ப்பார்.

மாமா டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் சாயங்காலம் கொடியில் காய்ந்த வேட்டியை எடுக்க மாடிக்கு வந்தவர், நான் பைனாகுலரும் கையுமாக நிற்பதைப் பார்த்து, "என்னத்தா, யாரு வீட்ட வேவு பாக்குற?" என்றார். வானத்தைக் காட்டினேன். அன்றிலிருந்து எனக்குத் துணை கிடைத்தது.

மங்கலான ஒன்றை வானத்தில் நேரடியாகக் கண்டுபிடிக்க முடியாது. பளிச்சென்று தெரியும் நட்சத்திரத்தில் தொடங்கி, அடுத்தது, அதற்கு அடுத்தது என்று தாவித் தாவித்தான் போக வேண்டும். இதைச் சொன்னதும் மாமா, "அட, இது நம்ம பொழப்புல்ல!" என்றார். சித்திரை, சுவாதி, விசாகம், அனுஷம், கேட்டை என்று வரிசையாக ஸ்டாப் பெயர்களைப் போலவே கூவுவார். ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து முடித்ததும் கைப்பிடிச் சுவரை இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்!" என்பார். அப்புறம்தான் நான் அடுத்ததற்கு நகர்த்த வேண்டும். நட்சத்திரக் கொத்து, வாயு மேகம் இவற்றுக்கெல்லாம் அவர் வைத்த பெயர் உள்ளடங்கின ஊரு. "மெயின் ரோட்டுல எறங்கி நடக்கணும்த்தா. பஸ் போகாது."

உசிலம்பட்டிக்கு மேற்கே அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அமாவாசையை ஒட்டி என் கணவர் எங்களை அங்கே காரில் கூட்டிப் போவார், வரப்பில் உட்கார்ந்து போன் பார்ப்பார். தெற்கே அடிவானத்துக்கு மேலே சென்டாரஸ் என்ற நட்சத்திர மண்டலத்தில் இருக்கும் பெரிய கொத்தை முதன்முதலில் காட்டியபோது, "சீனியைக் கொட்டி வச்சாப்புல இருக்கு" என்று மாமா வாயைப் பிளந்தார். அவ்வளவு ஆசையாகப் பார்க்கிற மனிதர், கேட்டை வந்ததும் மட்டும் சொல்வார், "இது பாயிண்ட் டு பாயிண்டுத்தா. மூலத்துல நிக்காது. நேரா பூராடம்."

மூலத்துக்குப் பக்கத்தில்தான் வெறும் கண்ணுக்கே தெரியக்கூடிய அருமையான கொத்து ஒன்று இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் தாண்டுவார். நானும் சிரித்துக்கொண்டே நகர்த்திவிடுவேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் உள்ளே சுருக்கென்று இருக்கும். ஊர் வாயை அடைத்த மனிதருக்கே என் நட்சத்திரம் பயமா?

போன ஆடியில் மாமாவுக்கு நெஞ்சு வலி வந்தது. இதயத்துக்குப் போகும் குழாய்களில் அடைப்பு, இதயமும் பலவீனம், ஆபரேஷன் செய்தாலும் ஆபத்து, செய்யாவிட்டாலும் ஆபத்து என்றார்கள். ஆபரேஷனுக்காக மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். மாமாவின் அக்கா ஊரிலிருந்து வந்து கூடத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் எல்லாரும் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் மாங்கல்ய பலம் அவரக் காப்பாத்தும்" என்றார்கள். சொல்லிவிட்டு என் பக்கம் ஒரு பார்வை. மாமா போய்விடுவாரோ என்ற பயம் ஒரு பக்கம். போனால் இந்த வீட்டில் நான் யார் என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை, அதுவே எனக்கு அசிங்கமாக இருந்தது.

ராத்திரிச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது, எவர் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் மாடிக்குப் போய் நின்றேன். ஆடிக்காற்று துணிக்கொடியைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. மேகம் திட்டுத் திட்டாக ஓடியது. அப்போது படியில் செருப்புச் சத்தம். ஒரு படி, நிறுத்தம். இன்னொரு படி, நிறுத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மாமா! சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"மாமா! படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாருல்ல?"

"கத்தாதத்தா. கீழ கேட்டுறப் போகுது."

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார வைத்தேன். மூச்சு அடங்கியதும் தெற்கே கையைக் காட்டினார்.

"இன்னைக்கு மூலத்துல நிப்பாட்டு."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "இம்புட்டு நாளா நிக்காத வண்டி இன்னைக்கு எதுக்கு நிக்கணும்? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்னைய உசுரோட கொளுத்திருவாங்க மாமா. ஒங்களுக்கென்ன, நீங்க பாட்டுக்கு..." வாயைக் கடித்துக்கொண்டேன்.

"நான் பாட்டுக்குச் செத்துப் போயிருவேன். அதான?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் துண்டை உருவி என்னிடம் நீட்டினார். "ஒங்க அத்த அவ தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாத்தா. மாடிக்குப் போயி எத வேணாப் பாரு, அந்த மூலத்த மட்டும் பாக்கப்படாதுன்னு. அதான் தாண்டிக்கிட்டே இருந்தேன்."

"அப்ப ஒங்களுக்குப் பயம் இல்லையா?"

"இருந்துச்சு. ஒங்கிட்டப் பொய் சொல்லுவானேன்? இப்பவும் இருக்கு. பாக்காத ஒண்ணுக்குப் பயந்துக்கிட்டே நாளைக்கு அந்தக் கட்டில்ல போயிப் படுக்க முடியாதுத்தா. காட்டு."

நிமிர்ந்து பார்த்தால் தெற்கு முழுக்க மேகம். கேட்டை மட்டும் சிவப்பாக ஒரு ஓட்டையில் தெரிந்தது, அதுவும் மூடிக்கொண்டது. கீழே அத்தையின் குரல் கேட்டது: "எங்க போனாரு இவரு? பாத்ரூம்ல பாரு!" மாமா அசையவில்லை. எனக்கோ மேகத்தைப் பிடித்துத் தள்ளலாம்போல இருந்தது. வேண்டாம், விலகவே கூடாது என்றும் இருந்தது. நட்சத்திரம் என்பது எரிகிற வாயு உருண்டை என்று வகுப்பில் பாடம் எடுக்கிறவள், அன்றைக்கு அந்த மேகத்தை நம்பி நின்றேன்.

காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. கேட்டை வந்தது. அதற்குக் கீழே தேளின் உடம்பு ஒவ்வொன்றாகத் திறந்தது. மாமாவின் முழங்கைகளைக் கைப்பிடிச் சுவரில் ஊன்ற வைத்து, பைனாகுலரை நானும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"அப்படியே கீழ வாங்க. வளைவு வரும். வளைவுல திரும்பி மேல ஏறுங்க. ரெண்டு பேரு ஒட்டி நிப்பாங்க."

"ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு."

"அதான் மாமா. மூலம் வந்துருச்சு."

கீழே யாரோ படிப்பக்கம் வருகிற சத்தம். நான் அவசரமாக, "இடது கைப்பக்கம், கொஞ்சம் மேல தள்ளுங்க" என்றேன். தள்ளினார்.

"அடேயப்பா! பொரிய அள்ளி எறைச்சாப்புல! ஏத்தா, இந்த ஊரு இம்புட்டு நாளா இங்கயா இருந்துச்சு? இதையா தாண்டித் தாண்டிப் போனோம்?" பைனாகுலரை எடுக்காமலே கேட்டார், "அம்புட்டுத் தூரத்துல கெடக்குற இதுக்கு, வில்லாபுரத்துல நான் ஒருத்தன் இருக்கேன்னு எப்புடித்தா தெரியும்?"

"பாத்துட்டீகளா?"

அத்தை மாடி வாசலில் நின்றார். மாமா மெதுவாகத் திரும்பினார். "பாத்துட்டேன்." அத்தை கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தன் உச்சந்தலையில் ஒரு தடவை கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். "கீழ வாங்க" என்றார், அவ்வளவுதான். என் பக்கம் திரும்பவே இல்லை.

மாமா எழுந்து அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டார். சுவரைத் தட்டி ரைட் சொல்லுவார் என்று காத்திருந்தேன். "வண்டி அங்கயே நிக்கட்டும்த்தா. ரைட்டு வந்து சொல்றேன்" என்று படி இறங்கிப் போனார்.

வரவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றுதான் சொன்னார்கள். மறுநாள் விடிவதற்குள் இதயம் நின்றுவிட்டது. மருத்துவர்கள் முன்கூட்டியே சொன்ன ஆபத்துதான் அது. ஆனால் அதைக் கேட்கிற காது அந்த வீட்டில் யாருக்கு இருந்தது?

சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்த அன்று பெண்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் சுவரோரம். மாமாவின் அக்கா மூக்கைச் சிந்திவிட்டு ஆரம்பித்தார். "நான் அன்னைக்கே தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். மூலத்த வீட்டுக்குள்ள கொண்டாராதடான்னு. இப்ப எந்தம்பிய முழுங்கிட்டு உக்காந்துருக்கா."

என் கணவர் வாசலில் தலை குனிந்து நின்றார். அத்தைதான் தலையை நிமிர்த்தினார்.

"மைனி, இங்க பாருங்க." கழுத்திலிருந்து தாலியை வெளியே எடுத்துப் பிடித்தார். பதினாறாம் நாள்வரை அது அவர் கழுத்தில் இருக்கும். "அவ மூலந்தான் கொன்னுச்சுன்னா, இதுக்குப் பலமில்லன்னு அர்த்தம். எல்லாரும் எங்கையப் புடிச்சுக்கிட்டு மாங்கல்ய பலம், மாங்கல்ய பலம்னீகள்ல? இத்தன வருஷம் அந்த மனுசனுக்கு ஆக்கிப் போட்டு, வெரதம் இருந்து, கோயில் கோயிலா அலைஞ்ச எந்தாலி, அவ நட்சத்திரத்துக்கிட்ட தோத்துப் போச்சா? அத நான் ஒத்துக்க மாட்டேன். யாரும் எங்கிட்ட அந்தப் பேச்சு பேசக் கூடாது."

அந்தப் பேச்சு அன்றோடு நின்றது. அத்தை எனக்காகத்தான் பேசினார் என்று சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லவும் இல்லை. கார்த்திகையில் ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டே, "அது இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார். எது என்று நான் கேட்கவில்லை. "சூரியன்கிட்டப் போயிருச்சு அத்த. தெரியாது. தை மாசம் விடியக்காலம் கிழக்குல வரும்" என்றேன். அடுத்த மூடியை எடுத்துத் துருவினார்.

பொங்கல் வைக்காத அந்தத் தை முடியப்போகிற சமயம், விடிவதற்கு முன்னால் யாரோ என் தோளைத் தட்டினார்கள். "ஏ புள்ள, எந்திரி. வந்துருச்சான்னு பாரு."

மாடியில் நல்ல குளிர். தென்கிழக்கே, வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலே தேள் முழுசாக ஏறி நின்றது. அத்தையின் முழங்கைகளைச் சுவரில் ஊன்ற வைத்தேன். கேட்டையிலிருந்து கொண்டுவந்தேன். மூலத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கொத்து.

"இதுலதான் எறங்குனாரா?"

"ஆமா அத்த."

வெகுநேரம் பார்த்தார். கண்ணிலிருந்து எடுக்காமலே பேசினார். "அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னாடி வீராப்பாப் பேசிட்டேன். ராத்திரி படுத்தா மனசு கேக்க மாட்டேங்குது. அவரக் கொண்டுபோனது ஒன் மூலமா, இல்ல எந்தலையில அடிச்சு நான் வாங்கி அவரு மீறுன அந்தப் பாழாப்போன சத்தியமான்னு."

அது எதுவுமே இல்லை, குழாய் அடைப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அது எனக்குத் தெரிந்த உண்மை. ஆனால் நானும்தான் எத்தனையோ இரவு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

"எனக்கும் கேக்க மாட்டேங்குது அத்த" என்றேன்.

அத்தை பைனாகுலரை என்னிடம் கொடுத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கைப்பிடிச் சுவரை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"போலாம், ரைட்."

நான் பூராடத்துக்கு நகர்த்தினேன்.