படிவம் நான்கில் எழுதிய கடிதம்

உறைந்த ரப்பர் கட்டிப்பால் ஏற்றிய லாரி இன்று ஈப்போ சாலையில் என்னைக் கடந்தபோது, அந்தப் புளித்த ரப்பர் வீச்சம், சுங்கை சிப்புட் பக்கம் இப்போது செம்பனைக் காடாகிவிட்ட எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்கு இழுத்துப் போனது. இடைநிலைப் பள்ளியில் சேர்ந்த படிவம் ஒன்றில் ஒரு வரி ஆங்கிலம் வாசிக்கவே திக்கிய நான், படிவம் நான்கில் வகுப்பிலேயே நன்றாக ஆங்கிலக் கடிதம் எழுதுகிறவளாகியிருந்தேன். அந்தத் துணிச்சலில், நிர்வாகம் காலி செய்யச் சொன்ன எங்கள் வீடுகளுக்கு அவகாசம் கேட்டு, பள்ளியில் பழகிய அதே வடிவத்தில் மானேஜருக்கு, என் பெயரில்லாமல், ஒரு மனு எழுதினேன். லயமே கைநாட்டு வைத்தது.

மூன்றாம் நாள் தோட்ட அலுவலகக் கணக்கரான கிராணியின் மோட்டார்சைக்கிள் வாசலுக்கு வாசல் நின்று நின்று வந்தது.

"இவ்ளோ நல்ல இங்கிலீஷ் யாருதுலா, முத்தையா?" என்று எங்கள் வாசலில் கிராணி சிரித்தார்.

"எங்க லயத்துல யாருக்குங்கய்யா தெரியும்?" அப்பாவும் சிரித்தார். உள்ளே அம்மா என் ஆங்கிலப் பயிற்சிப் புத்தகங்களைத் தாள் தாளாகக் கிழித்து அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

படியில் காய்ந்த என் வெள்ளைப் பள்ளிச் சப்பாத்துகளைக் கிராணி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுத்த வாசலுக்குப் போகாமல் மோட்டார்சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

விடிந்ததும் ஈப்போவில் சித்தி வீட்டுக்கு என்னை பஸ் ஏற்றிவிட்ட அப்பா, ஜன்னல் கம்பியை விடாமல் சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிருக்கம்மா. யாரு கேட்டாலும் இங்கிலீஷ் வராதுன்னு சொல்லிரு."