பூட்டிய கேட்டுக்கு வெளியே

டெய்லர் அக்காவின் வாயில் 'முடியாது' என்ற சொல் வந்ததே இல்லை. துணி தைக்கக் கொடுப்பவர்கள் எல்லோருக்கும் நாளைக்கே தருகிறேன் என்று தலையாட்டிவிட்டு, மறுநாள் முழி பிதுங்கி நிற்பாள். அப்படிப்பட்டவள் நாய்களுக்கென்று ஒரு இடம் நடத்தினால் அது எந்த லட்சணத்தில் இருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

மூடிக் கிடந்த ஒரு மர அறுவை மில்தான் அந்த இடம். முதலாளி சும்மா கிடக்கிறதே என்று கொடுத்தார். அடிபட்டது, கிழடு தட்டியது, வளர்த்தவர்களுக்குச் சலித்துப்போனது என்று எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. சம்பளத்துக்கு ஆள் கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள் போகிற வழியில் கூண்டு கழுவுவார்கள், வருகிற வழியில் தீனி வைப்பார்கள். அக்காவின் கணவர் எலக்ட்ரீஷியன். மில்லுக்கு ஒயரிங் எல்லாம் அவர் கைவேலை. குரைக்கத் தெரியாததால்தான் தன் தட்டு மட்டும் கடைசியில் வருகிறது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

கேட்டின் மேல் பெரிய எழுத்தில் ஒரு போர்டு. 'இங்கே எந்த உயிரும் கொல்லப்படாது.' அந்த போர்டால் வந்த வினை கொஞ்சநஞ்சமில்லை. வேறு இடத்தில் விட்டால் ஊசி போட்டு முடித்துவிடுவார்கள், இங்கே விட்டால் பாவம் சேராது என்று கணக்குப் போட்டு, கேட்டில் நாயைக் கட்டிவிட்டு நழுவுகிறவர்கள் அதிகம். அக்கா திட்டிக்கொண்டே கயிற்றை அவிழ்ப்பாள். திட்டு மனிதர்களுக்கு, தடவல் நாய்க்கு.

உள்ளே கண்டிப்பு என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். புதிதாக வரும் நாய் பின்பக்கத்து அறையில் தனியாக இருக்க வேண்டும். நோய் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். நாய்களைப் பார்க்க வரும் கால்நடை டாக்டர் சொன்ன விதி அது.

ஒரு கறுப்புக் குட்டி வந்தது. அந்த அறையில் விட்டதும் அது போட்ட ஊளையில் மில்லே கலங்கிவிட்டது. அன்று முறை, உதவிக்கு வருகிறவர்களில் ஒருத்தியான நர்ஸுடையது. ஆஸ்பத்திரியில் தொற்று வார்டில் வேலை பார்ப்பவள், தெரியாதவள் இல்லை. ஆனால் தனியாகப் படுத்திருப்பவர்கள் படும் பாட்டை அன்றாடம் பார்த்துப் பார்த்து அவள் மனசு நைந்துபோயிருந்தது. உள்ளேயிருந்த குட்டிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய்த் துணைக்கு விட்டாள். ஊளை அடங்கியது. அக்கா வந்து பார்த்தபோது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து தூங்கிக்கொண்டிருந்தன. தப்பு என்று அவளுக்கும் தெரியும். இன்றைக்கு ஒருநாள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று கதவைச் சாத்தினாள். மறுநாள் துணைக்குட்டியைப் பழையபடி அதன் கூட்டத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

கொஞ்ச நாளில் கறுப்புக் குட்டிக்குக் கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிந்தது. பிறகு வலிப்பு. டாக்டர் பார்த்துவிட்டு, டிஸ்டெம்பர் என்றார். நாய்க்கு நாய் காற்றிலேயே பரவும், மருந்து கிடையாது, முன்னமே தடுப்பூசி போட்டிருந்தால் தப்பிக்கலாம். அதற்குள் துணைக்குட்டி இருமத் தொடங்கியிருந்தது. அப்புறம் அதன் பக்கத்தில் படுத்தவை, அவற்றின் பக்கத்தில் படுத்தவை. வலிப்பு வந்தவற்றைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அக்கா துணி தைப்பதையே மறந்துபோனாள். மில்லுக்குப் பின்னால் குழி வெட்டியே எலக்ட்ரீஷியனின் கை கொப்பளித்தது. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

துணைக்குட்டியைப் புதைத்த அன்று நர்ஸ் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான்தான்க்கா கொன்னேன்" என்றாள்.

"நானும் பாத்துட்டுத்தானே கதவைச் சாத்தினேன்" என்றாள் அக்கா.

இருவரும் வாளியை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

டாக்டர் கேட்டைப் பூட்டச் சொல்லிவிட்டார். நோய் ஓயும்வரை புது நாய் ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது, சுவர்ப் பக்கம்கூட அண்டக்கூடாது. கேட்டருகே ஒரு வாளியில் மருந்துத் தண்ணீர் வைத்தார்கள். போனாலும் வந்தாலும் கைகால் கழுவ வேண்டும்.

ஒரு மத்தியான வேளையில் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் கையில் செவலை நிறத்தில் வீட்டு நாய் ஒன்று, கழுத்தில் புதுப் பட்டையோடு. வீடு மாற்றுகிறாராம், புது வீட்டில் நாய் வைத்துக்கொள்ள விடமாட்டார்களாம். அக்கா கேட்டைத் திறக்காமல், தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டாள். வீட்டுக்குள்ளேயே கிடக்கும் நாய்க்கு அதெல்லாம் எதற்கு என்றார் அவர். நோய் ஓயட்டும், நானே உங்கள் வீட்டுக்கு வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று அக்கா கெஞ்சினாள். அவர் போர்டை நிமிர்ந்து பார்த்தார்.

"கொல்லமாட்டோம்னு எழுதி வச்சிருக்கீங்க. நீங்களே கதவைச் சாத்தினா நான் எங்கங்க போறது?"

"உள்ள விட்டா செத்துடும்ங்க. முடியாது."

சொன்னபிறகுதான், தான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே கார்க் கதவைத் திறந்தார். நாய் துள்ளி ஏறிக்கொண்டது. கார் போனதும் அக்கா மூச்சு விட்டாள். தெருமுனை வரைக்கும்தான் அந்த மூச்சு. அங்கே கார் நின்றது, கதவு திறந்தது, நாய் இறக்கிவிடப்பட்டது, கார் பறந்தது. படுபாவி, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாய் காரின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடியது. நின்றது. பிறகு கடைசியாக மனிதமுகம் பார்த்த இடத்துக்கே, கேட்டை நோக்கியே, திரும்பி வந்தது.

அக்கா டாக்டரைப் போனில் கூப்பிட்டாள். தொடாதீர்கள், விரட்டிவிடுங்கள், கண்ணுக்கு மறைகிற தூரம் போகட்டும் என்றார். வேறு யாரைக் கூப்பிடுவது? ஒரு நாயை வைத்துக்கொள்ள மனசுள்ளவர்கள் எல்லோரும் இந்த மில்லில்தான் இருந்தார்கள், உடம்பெல்லாம் நோயைப் பூசிக்கொண்டு. கை தட்டினாள், அதட்டினாள். நாய் வாலை ஆட்டிக்கொண்டு கம்பிக்குள் மூக்கை நுழைத்தது. உள்ளே எங்கோ ஒரு நாய் இருமியது. செவலை காதைத் தூக்கிக்கொண்டு இன்னும் உள்ளே முட்டியது.

அக்கா தகர மூடியால் கேட்டை ஓங்கித் தட்டினாள். நாய் பின்வாங்கியது. மருந்துத் தண்ணீரில் கையை முக்கி, கம்பி வழியாக நீட்டி, ரோட்டோரத்துக் கல் ஒன்றை எடுத்தாள். தெரு நாய்மேல் கல்லெறிந்த பையன்களின் காதைத் திருகியவள் அவள். கண்ணை மூடிக்கொண்டு, நாய்மேல் படாமல் தள்ளி எறிந்தாள்.

செவலை கல்லின் பின்னால் ஓடியது. தேடிப் பிடித்து வாயில் கவ்விக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு உட்கார்ந்து, அடுத்த வீச்சுக்காக அவள் முகத்தையே பார்த்தது. யாரோ அதனோடு நாள்தோறும் விளையாடியிருக்கிறார்கள்.

பின்னால் வந்து நின்ற நர்ஸ், "அக்கா, வேணாம்க்கா" என்றாள்.

அக்கா வேறொரு கல்லை எடுத்தாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. பட்டது. நாய் கத்திக்கொண்டு ஓடியது. நொண்டியபடி ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி ஓடியது. அது வந்துவிடக்கூடாதே என்று இன்னொரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, அக்கா கம்பியில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதாள்.