பாரம் ஏற்றினால் பிரேக் கேட்காத பிக்கப்

அக்காவின் பழைய பிக்கப் காலியாக ஓடும்போது நல்ல பிள்ளை. பாரம் ஏற்றிவிட்டால் போதும், பிரேக் சொல்வதைக் கேட்காது.

விடிகாலையில் கோலா கெடா மீன்பிடித் துறையில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டிகளோடு பீடோங் பக்கத்துத் தோட்டக் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோய் விற்பதுதான் அவள் பிழைப்பு. அன்று தோட்டத்து இறக்கத்தில் பிரேக்கை மிதித்திருக்கிறாள். முன்பக்கம் குப்புற அமுங்கியதே தவிர வண்டி நிற்கவில்லை. சாலையில் படுத்திருந்த மாட்டை மோதாமல் தப்பியதே பெரிது. மெர்கோங்கில் உள்ள வீட்டுக்கு வந்தவள் சாவியை மேசைமேல் எறிந்தாள்.

"போதும்லா. இத வித்துட்டு கூலிம் ஃபேக்டரிக்கே போறேன். நாளன்னைக்கு இன்டர்வியூ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு சுவருக்குள் நிற்கவைத்தால் வாடிப்போகிற ஆள் அவள். தெருவில் நின்று கத்தி, பேரம் பேசி, திட்டு வாங்கி, திருப்பித் திட்டினால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். நானோ வாகனத்துறை டிப்ளோமா முடித்து வேலைக்குக் காத்திருந்தவள். கை பரபரத்தது.

"ஒரே ஒரு நாள் குடுக்கா."

அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், காப்பியை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். "நீ படிச்சது கம்ப்யூட்டர் வண்டி. இது எங்க கல்யாணத்துக்கு முந்தின வண்டிம்மா."

"பிரேக்குக்கு வயசு தெரியாது மாமா."

மறுநாள் காலையிலேயே பின்பக்கத்தை ஜேக் வைத்துத் தூக்கி, தாங்கிகள் கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினேன். பிரேக் ஷூ தேய்ந்திருக்கும் என்று சத்தியமே செய்திருப்பேன். டிரம்மைத் திறந்தால் ஷூ தடிமனாக இருந்தது. ஆயில் கசிவு இல்லை. சரி, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கும் என்று அதைச் சரிக்கட்டினேன்; குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினேன்; வீட்டைச் சுற்றியுள்ள சந்துகளில் ஒரு சுற்று ஓட்டினேன். அருமையாக நின்றது.

"முடிஞ்சிருச்சு!" என்று ஹாரன் அடித்தபடியே வந்தேன்.

"பாரம் ஏத்திப் பாத்தியாடி?" என்றாள் அக்கா.

பார்க்கவில்லை. பெட்டிகள் நிறையத் தண்ணீர் ஊற்றி ஏற்றிக்கொண்டு ஓட்டினேன். பழைய கதைதான். வண்டியின் மூக்கு தரையை முட்டப் போனது. இறங்கி முன்சக்கர பிரேக்கில் தண்ணீர் தெளித்தேன். சுரீரென்று ஆவி பறந்தது. பின் டிரம்மில் தெளித்தேன். சும்மா வழிந்து சொட்டியது. பின்சக்கரங்கள் வேலையே செய்யவில்லை! காலியாக இருந்தால் முன்பிரேக் மட்டுமே போதும், அதனால்தான் நான் ஏமாந்தேன்.

ஆயில் வருகிறது, ஷூ நன்றாக இருக்கிறது. பிறகு யார் தடுப்பது?

வண்டிக்கடியில் புகுந்து குழாயின் வழியே கண்ணை ஓட்டினேன். பின் அச்சுக்கு மேலே ஒரு வால்வு. அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகிறது. பாடத்தில் படித்தது. பாரம் ஏறினால் வண்டியின் உடல் தாழும். கம்பி வால்வைத் தள்ளும். பின்பிரேக்குக்கு அழுத்தம் கூடும். எங்கள் வண்டியில் அத்தனை தண்ணீர் ஏற்றியும் அந்தக் கம்பி அசையாமல் தொங்கியது. ஏனென்றால் உடல் தாழவே இல்லை.

தாழாமல் இருந்ததற்குக் காரணம் திண்ணமாக, கறுப்பாக, என் மூக்குக்கு நேரே இருந்தது. போன வருடம் மாமா சேர்த்த கூடுதல் ஸ்பிரிங் பட்டை. எங்கள் பக்கத்தில் மீன் வண்டியோ செம்பனைக்காய் வண்டியோ, பாரத்தோடு போகும்போது பின்பக்கம் தொங்கினால் வைத்திருப்பவருக்கு மானக்கேடு. பட்டை சேர்த்து நிமிர்த்திவிடுவார்கள். வண்டியும் நிமிர்ந்து நின்றது. வால்வு மட்டும் வண்டி காலி என்று நம்பிக்கொண்டிருந்தது.

"மாமா, இந்தப் பட்டையக் கழட்டணும்."

"அலாமா! பின்னாடி தொங்குமேம்மா. பசார்ல சிரிப்பானுங்க."

"தொங்கினாத்தான் பிரேக்குக்கே பாரம் இருக்குன்னு தெரியும்."

"கழட்டித் தொலைங்க," என்று சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "மாட்டு மேல ஏத்தினா மட்டும் சிரிக்க மாட்டானுங்களா?"

மாமா முனகிக்கொண்டே நட்டுகளைத் தளர்த்த உதவினார். பட்டை கழன்றது. துருப்பிடித்துக் கெட்டியாகிப்போன வால்வின் கைப்பிடியை எண்ணெய் விட்டு அசைத்து அசைத்து விடுவித்தேன். கம்பியின் உயரத்தை வண்டியின் புத்தகம் சொன்னபடி வைத்தேன். தண்ணீர்ப் பெட்டிகளை மறுபடி ஏற்றினோம். பின்பக்கம் தாழ்ந்தது. கம்பி எழுந்தது! வண்டிக்கடியில் படுத்தபடியே கூச்சல் போட்டேன். கோழிகள் சிதறின.

ஆளில்லாத சமதரையில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு இன்னும் வேகமாக மிதித்துப் பார்த்தேன். நாலு சக்கரமும் சேர்ந்து பிடித்தன.

மறுநாள் காலை உண்மையான மீனோடு அக்காவே ஓட்டினாள், பட்டை போய்விட்டதால் வழக்கத்தைவிட ஒரு பெட்டி குறைவாக. நான் பக்கத்தில். அதே இறக்கத்தின் தலைப்பில் என்னை இறக்கிவிட்டாள்.

"நீ வெளிய நின்னு பாரு. எதுனா ஆச்சுன்னா ஒரு ஆளாச்சும் மிஞ்சணும்லா."

வண்டியை இறக்கத்தில் விட்டாள். பாதி வழியில் சிவப்பு விளக்குகள் எரிந்தன. மூக்கு அமுங்கவில்லை. பின்பக்கம் கோழி அடைகாப்பதுபோல் தரையோடு பதிந்து, வண்டி கோடு கிழித்தாற்போல் நின்றது. மறுபடி நகர்ந்தாள், மறுபடி மிதித்தாள், மறுபடி நின்றது. ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு பெருவிரலை உயர்த்தியது.

அப்புறம் ஹாரன்தான். தோட்டத்து வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. "கெம்போங் மீனு வந்திருக்கு! இன்னைக்கி மட்டும் இல்ல, நாளைக்கும் வருவேன், நாளன்னைக்கும் வருவேன்!" என்று அவள் கத்தியது மேட்டில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அன்றைக்குத்தான் அந்த ஃபேக்டரி இன்டர்வியூ. அதற்கு அவள் போகவில்லை. என்னை ஏற்றிக்கொள்ளவும் மறந்துவிட்டாள். இறக்கம் முழுவதையும் ஓடியே கடந்தேன்.