அம்மா குரலில் வந்த டீச்சர்

ஆசிரியர் தினத்தன்று எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான் பாடம் எடுப்பார்கள். பெண்கள் அம்மாவின் புடவையைக் கட்டி, ஊக்கு குத்தி, எங்களைப் போலவே நடந்து காட்டுவார்கள். டீச்சர்கள் நாங்கள் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்போம். தரங்கம்பாடிக்குப் பக்கத்தில், மீனவக் குப்பத்துப் பிள்ளைகளும் வயல்பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற பள்ளி எங்களுடையது.

போன வருடம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஒரு மீனவர் வீட்டுப் பெண் வந்தாள். வகுப்பில் வாயே திறக்காதவள். பலகையில் முக்கோணம் ஒன்று போட்டுவிட்டுத் திரும்பினாள். விரல் நுனியில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளை ஊதினாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, "வெளங்குதா சாமிங்களா? வெளங்கலேன்னா கேளுங்க. டீச்சருக்கு அவசரமில்ல, பஸ்ஸு சாயங்காலந்தான்" என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இங்கே ஒரு கணக்கு டீச்சர் இருந்தார். என்னைவிட ஓரிரு வயது மூத்தவர். குத்தாலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கேக் கொடுக்க வந்தார். அன்று காலைதான் சுனாமி வந்தது. அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தப் பேச்சும் தலைசாய்ப்பும் அவருடையவை. இந்தப் பெண்ணோ அதற்குப் பல வருடம் கழித்துப் பிறந்தவள்.

வகுப்பு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, "யாரு சொல்லிக் குடுத்தாங்க இப்படிப் பேச?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல டீச்சர். கணக்கு சொல்லித் தரும்போது எங்கம்மா இப்படித்தான் பேசும். எந்த பஸ்ஸுன்னு கேட்டா சிரிக்கும்."

அன்று மாலை மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். அவள் அம்மா கடையைக் கழுவிவிட்டுக் கொண்டிருந்தார். எங்கள் பள்ளியில் அந்த டீச்சரிடம் படித்தவர்தான். நான் விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கி எங்க வீட்டுக்குத்தான் மொதல்ல வந்தாங்க. கேக்கு ஒண்ண என் கையில குடுத்துட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாங்க. சத்தம் கேட்டதும் எங்கப்பா என்ன இழுத்துக்கிட்டு ஓடிட்டாரு. நான் திரும்பிப் பாத்தேன். மஞ்சப் புடவை தெரிஞ்சுது. அப்பறம் தெரியல."

மீன் கத்தியை எடுத்துத் துடைத்தார்.

"வேணும்னு பேசறதில்ல டீச்சர். கணக்குன்னு உக்காந்தா அவங்க பேச்சுதான் வாயில வருது. யாரோட பேச்சுன்னு பிள்ளைகிட்ட இன்னும் சொல்லல. சொல்லிட்டா நின்னுபோயிடுமோன்னு பயமா இருக்கு."

"சொல்லிடுங்க. தெரிஞ்சுக்கட்டும்" என்றேன். அது சரிதானா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

சில நாள் கழித்து அந்தப் பெண் என்னிடம் வந்து, அம்மா சொன்ன டீச்சரின் போட்டோ இருக்கிறதா என்று கேட்டாள். தலைமையாசிரியர் அறையில் பழைய குரூப் போட்டோ ஒன்று மாட்டியிருக்கிறது. கூட்டிப்போய் இரண்டாம் வரிசையில் அவரைக் காட்டினேன். பக்கத்தில் ஒல்லியாக நான் நிற்கிறேன். அவள் கண்ணாடிக்கு வெகு அருகில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"எங்கம்மாவ விட சின்னவங்களா இருக்காங்களே, டீச்சர்" என்றாள்.