பளிச்சு வீட்டுக் கொல்லையில் துடைப்பத்துக்கு வேலையில்லை

தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பளிச்சு என்றுதான் சொல்வார்கள். அவருடைய முடிதிருத்தும் கடையில் ஒருவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் தரையில் விழுந்த முடி மூலைக்குப் போயிருக்கும். கீழே சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம், அப்படி ஒரு சுத்தம். அந்தத் துடைப்பக் கை கடையோடு நின்றிருந்தால் ஊருக்கு நல்லது. வீட்டுக் கொல்லைக்கும் வந்துவிட்டது.

கொல்லையில் ஒரு பாத்தி வெண்டை போட்டிருந்தார். கொளுத்தும் கோடை. விடிந்ததும் களை பிடுங்க உட்கார்வார். சாரணையும் புல்லும் வேரோடு கையில் வரும்போது மனிதருக்கு அப்படி ஓர் ஆனந்தம். பிடுங்கிய களை, உதிர்ந்த இலை, சருகு என்று ஒன்று விடாமல் கூட்டி வெளியே கொட்டிவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவார். மண் மழித்த கன்னம் மாதிரி இருக்கும். மத்தியானத்துக்குள் அதே மண் பாளம் பாளமாக வெடித்துவிடும். ஊற்றிய தண்ணீர் போன இடம் தெரியாது. செடிகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். போன கோடையிலும் இதே கதைதான். ஒரு காய்கூட அடுப்பேறவில்லை.

மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். அவருடைய ஸ்கூட்டர் தெரு வெயிலில் காய்ந்தது. வீட்டு முன்பக்க நிழலைத்தான் கடையில் கழித்த பழைய சுழல் நாற்காலி பிடித்துக்கொண்டிருந்ததே! பளிச்சு தொழில் தொடங்கிய நாற்காலி அது; தூக்கிப் போட மனசு வரவில்லை.

"நாற்காலியும் போகாது, காயும் வராது" என்றார் மனைவி. "பள்ளிக்கூடம் திறந்து அடுத்த ஞாயிறு மேஸ்திரி வர்றாரு. அதுக்குள்ள ஒரே ஒரு வெண்டைக்காய் என் சட்டிக்கு வந்தா தோட்டம் பிழைச்சுது. இல்லேன்னா கொல்லையில சிமென்ட் போட்டு வண்டிய நிறுத்திடுவேன்."

பளிச்சு தலையாட்டினார். வேறென்ன செய்வார்?

பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது என்றால் முடிதிருத்துகிறவருக்குத் தலைக்கு மேல் வேலை. கடை வாசலில் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். தினமும் விடிகாலையில் களையைப் பிடுங்கிய இடத்திலேயே போட்டுவிட்டு ஓடினார். கூட்ட நேரமில்லை. கடையில் நிற்கும்போதெல்லாம் கொல்லைக் குப்பை நினைப்பு வந்து கை நமநமவென்றது.

கூட்டம் ஓய்ந்த அன்று மத்தியானம் துடைப்பத்தோடு கொல்லையில் இறங்கினார். காய்ந்த களையை ஒரு தள்ளு தள்ளியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடியில் மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது! அதே வெயில்தான், அதே தண்ணீர்தான். விரலை வைத்தால் உள்ளே போனது. புதுக் களையும் அதிகம் தலைகாட்டவில்லை. செடிகளோ உச்சி வெயிலிலும் விறைப்பாக நின்றன.

"ஏய், இங்க ஓடி வா! மண்புழு! நம்ம மண்ணுல மண்புழு!"

"புழுவையா வதக்கச் சொல்றீங்க? காய் எங்க?" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

காய் இல்லை. பூதான் இருந்தது. தள்ளிய குப்பையை இரண்டு கையாலும் வாரித் திரும்ப மண்ணுக்குப் போர்த்தினார். இத்தனை நாளும் நானேதானே இதுகளுக்கு எமனாக இருந்தேன் என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். ஆனாலும் வாயெல்லாம் பல்.

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது பூ உதிர்ந்து பிஞ்சு இறங்கியிருந்தது, சுண்டுவிரல் நகம் அளவுக்கு. இன்னும் இரண்டு நாள் கிடைத்தால் போதும். கடைக்கு முதல் ஆளாக மேஸ்திரியே வந்து உட்கார்ந்ததும் பளிச்சுக்குத் தெம்பு வந்தது. பாதித் தலை முடிந்ததும் இரண்டு நாள் தள்ளி வரச்சொல்லி நைசாகக் கேட்டுவிடலாம் என்றிருந்தார்.

"சீக்கிரம் முடிங்கண்ணே" என்றார் மேஸ்திரி. "உங்க வீட்டு வேலைதான் இன்னைக்கு. நம்ம ஆளு மண்வெட்டியோட அப்பவே போயாச்சு."

தெருவே வேடிக்கை பார்த்தது. முன்னால் கத்தரிக்கோலும் கையுமாகப் பளிச்சு, பின்னால் கழுத்தில் துணியும் பாதிக் கிராப்புமாக மேஸ்திரி, "அண்ணே, என் தலை! அண்ணே!" என்று அலறியபடி.

கொல்லையில் மண்வெட்டிக்காரர் ஓரமாக நின்றிருந்தார். மனைவி பாத்தியருகே குந்தியிருந்தார். கையெல்லாம் மண். பளிச்சு கத்தரிக்கோலாலேயே பாத்தியைக் காட்டினார்.

"ரெண்டே நாள் குடு. பிஞ்சு விட்டிருக்கு, பாரு..."

"பார்த்தேன், மூணு இருக்கு! செடியைப் பிடுங்கி ஓரமா வைக்கலாம்னு கைய விட்டேங்க. என்னமா சில்லுன்னு இருக்கு! கை தானா உள்ள போகுது! நீங்க கத்தினப்பவே வந்து பார்த்திருக்கணும்." அவர் குரல் துள்ளியது. "மேஸ்திரி, கோவிச்சுக்காதீங்க, சிமென்ட் வேணாம். முன்னாடி கிடக்குற நாற்காலிய மட்டும் இங்க தூக்கிட்டு வாங்க. என் வண்டி அங்க நிக்கட்டும்."

"தூக்குறேன்மா. என் மிச்சத் தலைக்கு யார் பொறுப்பு?"

நாற்காலி வெண்டைப் பாத்தி ஓரத்துக்கு வந்தது. மேஸ்திரியின் மிச்சத் தலை அங்கேயே முடிந்தது. முடி கொத்துக் கொத்தாக மண்ணில் விழுந்தது. கடைசி வெட்டு முடிந்ததும் பழக்க தோஷம், பளிச்சின் கை துடைப்பத்தைத் தேடியது. அது மனைவியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"கூட்டினீங்கன்னா தெரியும் சேதி" என்றார் அவர்.