சூளை மேல் வைத்த கொத்துக்கறி

ஒரு விஷயம் ஏன் அப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் ஜோஸ்பின் அக்காவுக்குத் தூக்கம் வராது. அவருக்குத் தூக்கம் வராவிட்டால் மறுநாள் எங்களுக்கு நிம்மதி கிடையாது. விருத்தாசலத்தில் நாங்கள் வேலை பார்த்த பீங்கான் பொம்மைக் கம்பெனியில், ஈரப் பஞ்சால் பொம்மையில் அச்சு விட்ட மூட்டுக் கோட்டைத் துடைத்து மெருகேற்றுவது அவர் வேலை. நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து, சுட்டு வந்த பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவேன். அவர் கை துடைத்துக்கொண்டிருக்கும், வாய் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்.

"மணிபாரதி, சூளைக்குள்ள போற பொம்ம வெளிய வரும்போது ஏன் சின்னதாப் பூடுது?"

"உங்க கேள்வி தாங்காம சுருங்கிடுதுக்கா."

"கிண்டலு பண்ணாத. தெரிஞ்சா சொல்லு, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

தெரியாது என்று சொன்னால் விடுவாரா? சூளை பார்க்கும் மாயவன் அண்ணனிடம் போவார். அவருக்கும் தெரியாவிட்டால் களிமண் ஏற்றிவரும் லாரி டிரைவரைக்கூட விடமாட்டார். எனக்குப் பல நாள் எரிச்சலாக இருக்கும். சும்மா இருப்பவர்களைச் சும்மா இருக்க விடாத ஆள் அவர்.

அவருடைய பக்கத்து இருக்கை சிந்தாமணிக்கு. பானை செய்யும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், பொம்மைக்குக் கண் எழுதுபவள். மதியம் மூன்று பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். ஜோஸ்பின் அக்கா டப்பாவைத் திறந்ததும் சிந்தாமணி தன் டப்பாவின் மூடியை மல்லாத்தி அவர் முன்னால் தள்ளுவாள். வாய் திறந்து ஒன்றும் கேட்கமாட்டாள். அக்காவும் கேட்காமல் அந்த மூடியில் குழம்பை ஊற்றுவார். அந்த மூடி வந்த பிறகுதான் அவர் தன் சோற்றில் கை வைப்பார். பல வருஷப் பழக்கம் அது.

கம்பெனியில் இன்னொரு பழக்கமும் உண்டு. காலையில் வந்ததும் எல்லோரும் சோற்றுக் கேரியரைச் சூளையின் தலைமேல் வைத்துவிடுவோம். பழைய செங்கல் சூளை அப்படிக் கொதிக்கும். மதியம் துணி வைத்துத்தான் கேரியரை இறக்க வேண்டும், திறந்தால் ஆவி அடிக்கும். அந்த வருஷம், இரண்டாயிரத்து ஆறில், ஆயுத பூசைக்குப் பிறகு முதலாளி பழைய சூளையை இடித்துவிட்டுப் புதிதாக ஒன்று கொண்டுவந்தார். உள்பக்கம் முழுக்கப் பஞ்சு மாதிரி ஏதோ வைத்த சூளை. எண்ணெய்ச் செலவு பாதிதான் என்று மாயவன் அண்ணன் அதைத் தன் மாட்டைப் போலத் தட்டிக்கொடுப்பார். நாங்களும் கேரியரைப் பழையபடி அதன் தலைமேல் வைத்தோம். அது யாருக்கும் ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஜோஸ்பின் அக்கா கோழிக் கொத்துக்கறி செய்தார். கோழிக்கடையில் கறி அரைக்கிற மெஷின் புதிதாக வந்திருந்தது. எலும்பில்லாமல் அரைத்துக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தே தீர வேண்டும் அவருக்கு. சோம்பு, பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ எல்லாம் போட்டு வதக்கி, பண்டிகைக்குப் போக மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தார். மறுநாள் காலையில் சூடு பண்ணி, ஆட்டோ ஓட்டும் கணவர் லாரன்ஸுக்குத் தோசையோடு கொடுத்துவிட்டு, மீதியைக் கேரியரில் அடைத்துக்கொண்டு வந்தார்.

மார்கழி மாதம். சிந்தாமணி வீட்டில் கறி மீன் வாசனையே கூடாது. ஆனாலும் மூடி வந்தது.

"மாமியாருக்குத் தெரிஞ்சா?" என்றேன்.

"நீ சொல்லாம இருந்தா எப்படித் தெரியும்?" என்றாள் சிந்தாமணி.

ருசியைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வேலை விடுவதற்குள் வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது. கொல்லைப் பக்கம் ஓடினால் அங்கே எனக்கு முன்னால் ஜோஸ்பின் அக்கா குனிந்துகொண்டு நிற்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் ராத்திரியோடு போயிற்று. சிந்தாமணிக்கு நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். என்ன சாப்பிட்டாய் என்று அங்கே கேட்டபோது மாமியார் தங்கம்மாள் பக்கத்திலேயே இருந்தார். மறைக்க முடியவில்லை.

அவள் திரும்பி வேலைக்கு வந்த அன்று மூடி மூடியாகவே இருந்தது. தன் டப்பாவைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள்.

"கோவமா சிந்தா?" என்று கேட்டார் ஜோஸ்பின் அக்கா.

"உங்க மேல எனக்கு என்னக்கா கோவம். இது சாமி குத்தம். மார்கழில வாயக் கட்டாம இருந்தேன், சாமி கேட்டுடுச்சு. இனிமே உங்க கையால கறி வேணாங்க்கா."

மெதுவாகத்தான் சொன்னாள். ஜோஸ்பின் அக்காவுக்கு முகமே செத்துப்போனது. அன்று அவர் சோற்றை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டுக் கையைக் கழுவினார். என் எதிரில் கேள்வி கேட்காமல் அவர் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் எனக்கே ஆச்சரியம்.

அடுத்த நாள் பழைய ஆள் திரும்பிவிட்டார்.

"ஏன் மணிபாரதி, நீ மார்கழிக்கு விரதமா?"

"நான் எந்த மாசத்துக்கும் விரதம் இல்லக்கா."

"நானும் இல்ல. அப்ப அவங்க சாமி நம்மள ஏன் புடிச்சிது?"

"கூட ஒக்காந்து சாப்ட்டோமே, அதனால இருக்கும்."

"அப்ப வூட்டுக்காரரு? அதே சட்டி, அதே கறி. தோசைக்குத் தொட்டுத் தொட்டுத் தின்னாரு. கல்லு மாதிரி இருக்காரு."

அதிலிருந்து ஆரம்பித்தது. கோழிக்கடைக்காரரிடம் போய் மெஷினைக் கழற்றிக் காட்டச் சொல்லியிருக்கிறார். கெட்ட கறியைக் கொடுத்ததாகச் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பயந்து, கடைக்காரர் மெஷினைத் துண்டு துண்டாகக் கழற்றிக் காட்டி, சுத்தமாக இருப்பதை நிரூபித்து, திரும்ப மாட்டத் தெரியாமல் திண்டாடினாராம். ஃப்ரிட்ஜை வெளியே இழுத்துப் பின்பக்கமெல்லாம் பார்த்தார். தேங்காய் மேல் சந்தேகப்பட்டார், கேரியரின் ஈயப் பூச்சு மேல் சந்தேகப்பட்டார். எதைப் பிடித்தாலும் லாரன்ஸ் குறுக்கே வந்து நின்றார். கட்டின புருஷன் ஆரோக்கியமாக இருப்பது ஒரு பெண்ணுக்கு இத்தனை தொந்தரவாக இருந்து நான் பார்த்ததில்லை.

"வுட்டுடுக்கா. இன்னொரு நாளு மட்டன் எடுத்தாந்தா தானா மூடிய நீட்டுவா" என்றேன்.

"மாட்டா. பயந்துட்டா. நான் சோறு போட்டு அவள ஆஸ்பத்திரில படுக்க வெச்சிட்டேன். ஏன்னு தெரியாம மறுபடியும் எப்படிப் போடுவேன்?"

சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. அவருடைய கேள்விகளை நான் அதுவரை பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

விடை சிந்தாமணியின் டப்பாவிலேயே இருந்தது. உடம்பு தேறும்வரை அவள் பால்சோறுதான் கொண்டுவந்து சூளை மேல் வைப்பாள். சோற்றைப் பாலில் பிசைந்து, ஒரு சொட்டு மோர் விட்டு எடுத்துவந்தால் மதியத்துக்குள் புளிக்காத தயிர்சோறாகிவிடும், எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஒரு மதியம் டப்பாவைத் திறந்த சிந்தாமணி முகத்தைச் சுளித்தாள்.

"என்னாடி?" என்றார் ஜோஸ்பின் அக்கா.

"வூட்ல இந்தக் குளுருக்கு ராத்திரி ஒற ஊத்துனா விடிஞ்சும் பாலாவே இருக்குது. இங்க பாருங்க, அதுக்குள்ள கட்டித் தயிராயி புளிச்சே போச்சு."

ஜோஸ்பின் அக்கா சாப்பிடும் கையோடு எழுந்து சூளைக்குப் போனார். இடது உள்ளங்கையை அதன் தலைமேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. பழைய சூளையில் அப்படி வைத்திருந்தால் தோல் உரிந்திருக்கும்.

"மாயவண்ணே, இது எரியுதா இல்லையா?"

"உள்ள பொம்ம வெந்துகினு இருக்குதும்மா."

"மேல சூடே காணோமே."

"அதாம்மா இதுல விசேஷம். சூட்ட வெளிய வுடாது. வெதுவெதுன்னு இருக்கும், அவ்வளவுதான்" என்றார் மாயவன் அண்ணன் பெருமையாக.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "கொதிக்கிற பால்ல ஒற ஊத்துனா தயிராவுமா?"

"ஆவாது."

"ஃப்ரிட்ஜில வெச்சா?"

"ஆவாது. வெதுவெதுன்னு இருந்தாத்தான்க்கா ஆவும்" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. காலையிலிருந்து மதியம்வரை எங்கள் கறியைச் சூடாகவும் வைக்கவில்லை, குளிராகவும் வைக்கவில்லை. அடைகாக்கிற கோழியின் வயிற்றுச் சூட்டில் வைத்திருந்தோம். அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்குப் போன லாரன்ஸின் பங்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதோடு திருப்திப்பட்டிருந்தால் அவர் ஜோஸ்பின் இல்லை. அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போய், சிந்தாமணிக்குக் குளுக்கோஸ் ஏற்றிய நர்ஸம்மாவைப் பிடித்தார். நர்ஸம்மா பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னாராம். தயிராக்குவது நல்ல கிருமி. கறியில் வளர்வது வேறு ஜாதி. ஆனால் இரண்டுக்கும் பிடித்தது அந்த வெதுவெதுப்புதான். அரைத்த கறியில் கிருமி எல்லா இடமும் கலந்துவிடுவதால் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒரு தடவை கெட்டுவிட்டால் பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் சரியாகாது, மோந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

"அப்ப என்னாதான் பண்றது?" என்று கேட்டிருக்கிறார்.

"ஒண்ணு நல்லாக் குளுரா இருக்கணும், இல்ல நல்லாக் கொதிக்கணும். நடுவுல நிக்கக் கூடாதும்மா."

அன்றிலிருந்து கேரியர்களைச் சூளை மேல் வைக்க அக்கா யாரையும் விடவில்லை. வைத்தவனைத் தேடிப் பிடித்து, கையை இழுத்துவந்து சூளையைத் தொடச் சொல்வார். இரண்டு பேர் முனகினார்கள். மாயவன் அண்ணனுக்குத் தன் சூளையைக் குற்றம் சொல்கிறார்கள் என்று கொஞ்ச நாள் வருத்தம். சிந்தாமணியோ விளக்கத்தைக் கேட்டுக்கொண்டாள், தலையாட்டினாள், தன் டப்பாவைத் தன் பக்கமே வைத்துக்கொண்டாள்.

பொங்கல் லீவு முடிந்து கம்பெனி திறந்த வாரம், ஜோஸ்பின் அக்கா ஒரு பழைய தூக்குச்சட்டியோடு வந்தார். திறந்து பார்த்தேன். உள்ளே ஐஸ்கட்டிகள், நடுவில் தட்டையாக ஒரு சின்ன டப்பா. டப்பாவில் கொத்துக்கறி செங்கல் மாதிரி உறைந்து கிடந்தது. சமைத்த அன்றே சின்னச் சின்ன டப்பாவாகப் பிரித்து, ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜில் ஐஸ் பிடிக்கும் மேல்தட்டிலேயே வைத்துவிட்டாராம். பெரிய சட்டியோடு வைத்தால் நடுவில் குளிர் போய்ச் சேர நேரமாகும் என்று நர்ஸம்மாவிடம் அதையும் கேட்டு வந்திருக்கிறார்.

மதியமும் ஐஸ்கட்டி கொஞ்சம் மிச்சமிருந்தது. டீ போடும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வாணலியை வைத்து, கறியைப் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்துக் கிளற ஆரம்பித்தார். ஓரத்தில் கொதி வந்தது. இறக்குவார் என்று தட்டை நீட்டினேன். கரண்டியால் என் கையைத் தட்டிவிட்டார்.

"நடுவுல கொதிக்கட்டும்டா."

கட்டியாக இருந்ததை உடைத்துவிட்டு, அடியிலிருந்து புரட்டி, நடுவும் கொதித்துக் குமிழ் விட்டு ஆவி முகத்தில் அடித்த பிறகுதான் ஸ்டவ்வை அணைத்தார். மிச்சம் இருந்தால் வீட்டுக்குத் திரும்பாது, நாய்க்குத்தான் என்றும் சொல்லிவிட்டார். எனக்குப் போட்டார். தனக்குப் போட்டுக்கொண்டார். ஆனால் சாப்பிடவில்லை. சோற்றின் மேல் கையை வைத்தபடி பொம்மைகள் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சிந்தாமணி பக்கம் பார்க்கவே இல்லை.

தரையில் தகரம் உரசும் சத்தம் கேட்டது. சிந்தாமணியின் மூடி மல்லாந்து அக்காவின் முழங்காலருகே வந்து நின்றது.

ஜோஸ்பின் அக்கா அவளைப் பார்த்தார். "பயமா இல்லையாடி?"

"இருக்குது. சூடா இருக்கும்போதே போடுங்க."

"சாமி?"

"மார்கழிதான் முடிஞ்சிடுச்சே. பழையதுக்கு நான் சாமிகிட்ட பேசிக்கிறேன்."

அக்கா கரண்டி நிறைய அள்ளி மூடியில் போட்டார். சிந்தாமணி ஊதி ஊதிச் சாப்பிட்டாள். அவள் பாதி சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் இவர் சோற்றைப் பிசைந்தார்.

மறுநாள் காலையில் நான் வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்தேன். சிந்தாமணி வந்து, செருப்பைக் கழற்றி, கண் எழுதும் குச்சியை எடுத்தாள். ஜோஸ்பின் அக்கா ஈரப் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"உடம்பு எப்படி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குதுக்கா."

"அப்பாடா" என்று மூச்சு விட்டார். கொஞ்ச நேரம் பொறுத்தார். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"சாமிகிட்ட பேசுனியே, என்னா சொல்லுச்சு?"